பத்து வயதில் ஒரு தீர்ப்பா?

(தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை குறித்து, கற்பிட்டியில் பெற்றோரும் விவசாயிகளும் ஆசிரியர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்.)

 

அரசியல் மேடைகளில் நின்று பேசிப் பழகியவன் நான். காணியைப் பற்றியும், மீன்பிடியைப் பற்றியும், மொழியுரிமையைப் பற்றியும் இதே ஊரில் பலமுறை பேசியிருக்கிறேன். இன்று நான் பேச வந்திருப்பது வாக்குரிமை இல்லாத ஒரு கூட்டத்தாரைப் பற்றி. அவர்கள் மகஜர் கொடுக்கமாட்டார்கள், ஊர்வலம் போகமாட்டார்கள், பத்திரிகைக்கு அறிக்கை விடமாட்டார்கள். ஏனெனில் அவர்களுக்கு வயது பத்து. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஒரே நாளில், ஒரே நேரத்தில் மேசையின் முன் உட்காரவைத்து, இரண்டு வினாத்தாள்களைக் கையில் கொடுத்து, இருநூறு புள்ளிகளுக்கு நிறுத்துப் பார்க்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்பது அதன் பெயர்.

அந்தப் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் நாடெங்கும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. குழந்தைகளை வதைக்கும் பரீட்சையை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். ஏழையின் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடாதீர்கள் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நீதியன்று என்பது நான் கற்ற தொழிலின் முதற் பாடம். ஆகவே இரு பக்கத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். அதன் பின் என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஈட்டு உறுதி எழுத வந்த தந்தை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில், ஏத்தாலைப் பக்கத்து விவசாயி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அரை ஏக்கர் தோட்டம். சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுபவர். தோட்டத்தை ஈடுவைத்துக் கடன் எடுக்க வேண்டும், உறுதி எழுதித் தாருங்கள் என்றார். விதை வெங்காயம் வாங்கவா, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்கவா என்று கேட்டேன். "இரண்டுக்கும் இல்லை ஐயா. மகள் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். புத்தளத்தில் வகுப்புக்கு விட வேண்டும். வான் கூலி, வகுப்புக் காசு, மாதிரி வினாத்தாள் காசு என்று எல்லாம் இருக்கிறதே" என்றார்.

அந்த நாளில், புலமைப்பரிசில் பெறும் ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம் மாதம் 750 ரூபா. 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் அது 1,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. "750 ரூபாவை நம்பியா தோட்டத்தை ஈடுவைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "காசுக்காக இல்லை ஐயா. பாஸ் பண்ணினால் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பிள்ளையின் வாழ்வும் என்னைப்போல் இந்த மணலோடு போய்விடும்."

மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. உறுதியை எழுதினேன். அதற்குரிய கூலியையும் வாங்கினேன். அதை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு கடனில் ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டு, மீதிக்குத் தவணை கேட்பது எப்படி என்று அறிய அவர் மீண்டும் வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். "எத்தனையாம் ஆண்டு படிக்கிறாய், மகள்?" என்று கேட்டேன். ஆறாம் ஆண்டு என்று அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஸ்கொலர்ஷிப்பில் பெயிலான பிள்ளை" என்றாள்.

அவள் பெற்ற புள்ளிகள் 120க்கு மேல்! இருநூறில் 70 பெற்றாலே சித்தி என்பது பரீட்சைத் திணைக்களத்தின் கணக்கு. வெட்டுப்புள்ளி என்பது உதவிப்பணத்துக்கும் பாடசாலை அனுமதிக்கும் இடப்பட்ட எல்லைக் கோடு மாத்திரமே. அந்தக் கோட்டைத் தாண்டாத பிள்ளையைத் தவறியவள் என்று சட்டம் சொல்லவில்லை, திணைக்களம் சொல்லவில்லை. சொன்னது யார்? நாம் சொன்னோம். நமது ஊர் சொன்னது. அந்த ஊரின் தீர்ப்பைக் குழந்தை தன் பெயரைப் போல மனப்பாடம் செய்துவிட்டது.

பிறந்த நோக்கம் எது?

இந்தப் பரீட்சை குழந்தைகளை வதைக்கவென்று பிறந்ததன்று. அதன் பிறப்பு மிக உயர்ந்த பிறப்பு.

1931 முதல் 1947 வரை இந்நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் காலத்துக்கு முன் நல்ல ஆங்கிலக் கல்வி என்பது நகரத்தில் இருந்தது, பணத்துக்கு விற்கப்பட்டது. அவரது தலைமையில் அமைந்த கல்விக்கான விசேட குழு 1943 இல் அறிக்கை வெளியிட்டது. அதன் வழியாக 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. ஆய்வுகூடமும் நூல்நிலையமும் விடுதியும் உள்ள மத்திய பாடசாலைகளை நாட்டுப்புறங்களிலே ஐம்பதுக்கு மேல் எழுப்பினார். கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையுள்ளவர்களைத் தெரிந்து, விடுதிச் செலவையும் கொடுத்து, அந்தப் பாடசாலைகளிலே சேர்ப்பதற்காகவே ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசில் பரீட்சை வைக்கப்பட்டது.

இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். பட்டணத்துப் பாடசாலையின் தரத்தை நாட்டுப்புறத்துக்குக் கொண்டுபோவது அன்றைய திட்டம். முதலிலே பாடசாலை கட்டப்பட்டது. அதற்குள் நுழையும் வாசலாகப் பரீட்சை வந்தது. இன்று நாட்டுப்புறத்துப் பாடசாலை வளரவில்லை; வாசல் மட்டும் வளர்ந்துவிட்டது. நாட்டுப்புறத்திலிருந்து தப்பிப் பட்டணத்துக்குப் போவதற்குரிய அனுமதிச் சீட்டாகப் பரீட்சை மாறிவிட்டது. இலங்கையில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றிலே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கின்றன. தேசிய பாடசாலைகள் நானூறுக்கு உட்பட்டவை. இருக்கைகள் குறைந்த வண்டியிலே ஏற மூன்று இலட்சம் குழந்தைகளை நெருக்கிவிட்டு, ஏறியவனைத் திறமைசாலி என்றும், கீழே நிற்பவனைத் திறமையற்றவன் என்றும் சொல்கிறோம். வண்டியிலே இருக்கை ஏன் குறைந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மறு சாராரின் நியாயம்

இனி, பரீட்சை வேண்டும் என்போரின் வாதத்தைக் கேளுங்கள். அது அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதமன்று.

புகழ்பெற்ற அரசாங்கப் பாடசாலை ஒன்றிலே முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி? பாடசாலைக்கு அண்மையிலே வசிப்போரின் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. ஏற்கனவே படிப்போரின் உடன்பிறந்தாருக்கு ஒரு பங்கு. கண்டக்குழியிலே வலை பின்னுகிறவருக்குக் கொழும்பிலே வீடு உண்டா? மாம்புரியிலே வெங்காயம் நடுகிறவர் கண்டியிலே பழைய மாணவரா? ஐந்து வயதிலே அவர் பிள்ளைக்கு எல்லா வாசல்களும் அடைபட்டுவிட்டன. பத்து வயதிலே, தந்தையின் விலாசத்தைக் கேட்காமல், பிள்ளையின் விடையை மட்டும் பார்த்துத் திறக்கும் வாசல் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பரீட்சைதான். இதை நாளைக்கே எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்பப்போவது எது? நன்கொடை நிரப்பும். சிபாரிசுக் கடிதம் நிரப்பும். பொய்யாக எழுதிய வீட்டு வாடகை உறுதி நிரப்பும். அத்தகைய உறுதிகளை எழுதித் தரும்படி கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே, பரீட்சையை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள் என்று கூச்சலிடுவோருடன் நான் சேரமாட்டேன். ஆனால் இப்போது உள்ளபடியே அது என்றும் இருக்கட்டும் என்போருடனும் சேரமாட்டேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஒரே வினாத்தாள் என்றால் ஒரே பரீட்சையா?

1990 ஆம் ஆண்டிலே நானும் இந்தப் பரீட்சையை எழுதினேன். எழுதித் தவறினேன். ஆம், இன்று உங்கள் முன் நின்று சட்டம் பேசுகிற நான், அன்று வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவன். இதைச் சொல்லும்போது, பரீட்சை தவறினாலும் முன்னேறலாம் என்று உபதேசம் செய்ய நான் விரும்பவில்லை. என் தந்தையாரிடம் எனக்கு இரண்டாவது வாய்ப்பை வாங்கித் தரக்கூடிய அளவு வருவாய் இருந்தது. என் பக்கத்து மேசையிலே இருந்து, என்னோடு தவறிய நண்பனின் தந்தையிடம் அது இருக்கவில்லை. அவன் அடுத்த ஆண்டே தந்தையோடு வள்ளத்தில் ஏறினான். எங்கள் இருவருடைய புள்ளிகளுக்கும் இடையிலே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தந்தையரின் மடியிலே இருந்தது.

அதே 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மன்னாரிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களிலே இந்தக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உடுத்த துணியோடு இறங்கிய குழந்தைகள் ஓலைக் கொட்டில்களிலே இருந்து படித்தார்கள். அவர்களிலும் பத்து வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் கொழும்புக் குழந்தைக்கும் கொடுக்கப்பட்ட வினாத்தாள் ஒன்றே. வினாத்தாள் ஒன்று என்பதனால் பரீட்சை ஒன்றாகிவிடுமா?

இன்றைய நிலையைப் பாருங்கள். களப்புக்கு அப்பால் உச்சமுனையிலே இருக்கும் குழந்தை காற்றுக் காலத்திலே வள்ளம் ஓடாவிட்டால் இக்கரைக்கு வர முடியாது. வெங்காயம் பிடுங்கும் காலத்திலே பள்ளிக்கூட வாங்குகள் வெறுமையாகக் கிடப்பதை இங்கிருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். பட்டணத்துக் குழந்தையோ மூன்றாம் வகுப்பிலிருந்தே மாதிரி வினாத்தாள்களை எழுதிப் பழகிவிடுகிறது. முதலாம் வினாத்தாள் நுண்ணறிவைச் சோதிப்பது என்கிறார்கள். நுண்ணறிவுக்கும் வகுப்பு உண்டு, புத்தகம் உண்டு, கட்டணம் உண்டு என்று ஆகிவிட்ட பின் அது சோதிப்பது நுண்ணறிவையா, பயிற்சியையா?

புள்ளி என்பது எவ்வளவு கசப்பான அரசியலாகும் என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் நெஞ்சிலே ஆறாத புண்ணை உண்டாக்கியது. அதன் பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். கல்வி வசதியிலே பின்தங்கியவை என்று பல்கலைக்கழக அனுமதிக்காக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களிலே நமது புத்தளமும் ஒன்று. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளியையும் மாவட்ட வாரியாகவே போடுகிறார்கள். ஆனால் புகழ்பெற்ற பாடசாலை ஒன்றின் ஆறாம் வகுப்புக்குள் நுழைவதற்கான புள்ளி அந்தந்தப் பாடசாலைக்குத் தனியாகப் போடப்படுகிறது. அங்கே கற்பிட்டிக் குழந்தையின் காற்றும் மழையும் கணக்கிலே சேர்வதில்லை. நமது பிள்ளை வசதி குறைந்தவள் என்பதை அரசாங்கம் ஒரு கையால் எழுதி ஒப்புக்கொள்கிறது. மறு கையால் அதை மறந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எச்செயலும் குற்றமாகாது என்று விதித்தது. அதற்கு முன் எட்டு வயது என்றிருந்த எல்லை அப்போது உயர்த்தப்பட்டது. காரணம் என்ன? அந்த வயதிலே அறிவு முதிர்ந்திராது. அந்த வயதுச் செயலைக் கொண்டு ஒருவனை எடைபோடுவது நீதியாகாது. குற்றத்தைக் கூடச் சுமத்த முடியாத வயது என்று சட்டம் சொல்கிறது. அந்த வயதிலே, இவன் இந்தப் பாடசாலைக்கு உரியவன், இவன் அதற்கு உரியவன் அல்லன் என்று வாழ்நாள் முழுதும் நிழல்போல் தொடரும் தீர்ப்பை நாம் வழங்குகிறோம். 

நமது அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா நிலைகளிலும் சமமான வாய்ப்பை எல்லாருக்கும் உறுதிசெய்வது அரசின் குறிக்கோள் என்கிறது. அதைக் காட்டி நீதிமன்றத்திலே வழக்குத் தொடர முடியாது என்பது உண்மை. அது வழிகாட்டும் கோட்பாடு மாத்திரமே. ஆனால் 12 ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையைக் காட்டி வழக்குத் தொடரலாம். அதைத்தான் 2024 ஆம் ஆண்டிலே பெற்றோர் சிலர் செய்தார்கள்.

2024 தந்த பாடம்

2024 செப்டெம்பர் 15 ஆந் திகதி பரீட்சை நடந்தது. முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் பரீட்சைக்கு முன்பே வெளியாகிவிட்டன என்ற செய்தி பின்னர் நாட்டை உலுக்கியது. மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி வழங்குவது என்று அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அப்படியானால் உண்மையிலேயே விடை அறிந்து எழுதிய பிள்ளைக்கு என்ன நீதி என்று கேட்டுப் பெற்றோர் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். டிசெம்பர் 31 ஆந் திகதி, அந்தத் தீர்மானம் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெறுபேறுகள் 2025 ஜனவரியிலேதான் வெளிவந்தன. மூன்று இலட்சம் குழந்தைகள் நான்கு மாதங்கள் காத்திருந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? காவலை இறுக்குங்கள், குற்றவாளியைத் தண்டியுங்கள் என்பது சரி. ஆனால் களவு ஏன் நடந்தது என்றும் கேட்க வேண்டும். யாரும் சிரட்டையைத் திருடுவதில்லை. விலை உள்ளதையே திருடுவார்கள். பத்து வயதுக் குழந்தையின் கணக்கு வினாவுக்குக் களவாடும் அளவுக்கு விலை ஏறிவிட்டது என்றால், அந்த விலையை ஏற்றியவர்கள் யார்? பரீட்சை நெருங்கும்போது மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் தடைசெய்து திணைக்களம் ஆண்டுதோறும் அறிவித்தல் விடுக்கிறது. சில நாட்களுக்குத் தடை என்றால், மற்ற நாட்களில் நடப்பது என்ன என்பதை அந்த அறிவித்தலே ஒப்புக்கொள்கிறது.

பிற இடங்களில் நடந்தது

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், பதினொரு வயதிலே பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். 1965 இல் அரசாங்கம் அந்த முறையைக் கைவிடும்படி உள்ளூர்க் கல்வி அதிகாரிகளைக் கேட்டது. பெரும்பாலான பகுதிகளிலே அது மறைந்தது. எப்படி மறைந்தது? எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் பொதுப் பாடசாலைகளை அமைத்ததனால் மறைந்தது. கென்ட் முதலிய சில பகுதிகளிலே பரீட்சை நிலைத்தது. அங்கே தனிவகுப்பும் நிலைத்தது.

சிங்கப்பூரிலே பன்னிரண்டு வயதுப் பரீட்சை இன்னும் உண்டு. ஆயினும் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு நுணுக்கமாகப் புள்ளியிடும் பழைய முறையை 2021 முதல் நீக்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டுத் தரநிலைகள் என்று ஆக்கினார்கள். ஒரு புள்ளிக்காக உயிரை விடும் போட்டியைத் தணிப்பதே அதன் நோக்கம்.

தமிழகத்திலே 2019 இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்த அரசு முடிவு செய்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்தார்கள். 2020 பெப்ரவரியிலே அந்த முடிவு கைவிடப்பட்டது. இங்கிலாந்து தரும் பாடம், நல்ல பாடசாலை வந்தால் பரீட்சை தானே தேவையற்றுப் போகும் என்பது. தமிழகம் தரும் பாடம், மக்கள் பேசினால் அரசாங்கம் கேட்கும் என்பது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே என் கருத்து இது. பரீட்சை போக வேண்டும். ஆனால் பாடசாலை வந்த பின் போக வேண்டும். கூரையை வேய்ந்துவிட்டுப் பழைய குடையை எறியுங்கள். மழையிலே நிற்பவனிடமிருந்து குடையை முதலிலே பறிக்காதீர்கள். இந்த அடிப்படையிலே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உதவிப்பணத்தைப் புள்ளியிலிருந்து பிரிக்க வேண்டும். இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் பிள்ளைகளுக்கே அது கிடைக்கிறது. வறுமையும் இருக்க வேண்டும், வெட்டுப்புள்ளியும் இருக்க வேண்டும் என்பது விதி. பசிக்குப் புள்ளி போடுவார்களா? 90 புள்ளி பெற்ற ஏழைக் குழந்தைக்குக் கொப்பி வேண்டாமா, சப்பாத்து வேண்டாமா? அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்காக ஏழைக் குடும்பங்களின் விபரத்தை அரசாங்கம் திரட்டி வைத்திருக்கிறது. அதைக் கொண்டே, தேவைப்படும் பிள்ளைக்குத் தேவையின் பேரிலேயே பணத்தைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பாலாவியிலிருந்து கற்பிட்டி முனை வரை உள்ள ஒவ்வொரு தமிழ்மொழிமூல இடைநிலைப் பாடசாலைக்கும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும். பயன்படுத்தக்கூடிய ஆய்வுகூடம் வேண்டும். தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். இதை வெறும் மகஜராகக் கொடுத்தால் கோப்பிலே கிடக்கும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கிறது. எந்தப் பாடசாலையிலே எந்தப் பாடத்துக்கு எத்தனை வெற்றிடம், அது எத்தனை ஆண்டுகளாக வெற்றிடம் என்று எழுத்திலே கேட்போம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை. விண்ணப்பத்தை எழுதும் வேலையை நான் ஏற்கிறேன். இதற்குக் கூலி இல்லை. கையொப்பமிடும் வேலையை நீங்கள் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, பரீட்சை எந்த ஆண்டிலே எவ்வாறு மாறும் என்பதை அரசாங்கம் முன்கூட்டியே உறுதியாக அறிவிக்க வேண்டும். ஒரு அமைச்சர் எடுப்போம் என்பதும் அடுத்தவர் வைத்திருப்போம் என்பதுமாகக் குழந்தைகளின் தலையிலே பந்து விளையாடக் கூடாது. அது வரையிலே, பரீட்சையை எழுதாத பிள்ளையையோ, வெட்டுப்புள்ளி பெறாத பிள்ளையையோ எந்தப் பாடசாலையும் தாழ்வாக நடத்தக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்தைக் கேட்பது எளிது. நம்மை நாமே கேட்பதுதான் கடினம்.

பெறுபேறு வந்ததும் சந்தியிலே பதாகை கட்டுகிறோம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஐந்து பிள்ளைகளின் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம். அதே பாதையிலே மற்ற நாற்பது பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். படத்திலே தம் முகம் இல்லை என்பதைக் காலையிலும் மாலையிலும் அவர்கள் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு முதல் அந்தப் பதாகையைக் கட்டமாட்டோம் என்று தீர்மானிப்போமா? பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் அறங்காவலரும், தேவாலயச் சபையும், விளையாட்டுக் கழகமும் சேர்ந்தால் ஒரே கூட்டத்திலே இதைத் தீர்மானிக்கலாம்.

மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் குழந்தையைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் உறுதிகொள்ள வேண்டும். அந்த மாலை நேரத்திலே குழந்தை விளையாடட்டும், களப்பைப் பார்க்கட்டும், கதைப்புத்தகம் வாசிக்கட்டும். ஊரிலே உயர்தரம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரத்திலே இரண்டு மாலை, பணம் வாங்காமல், குழந்தைகளை ஒன்றுகூட்டி வாசிக்க வைக்கும்படி அவர்களைக் கேட்கிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எத்தனை பேரைச் சித்தியடையவைத்தீர்கள் என்று உங்களை அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளை ஒருவரும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பதை உங்கள் அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஊர் உங்களுக்குத் துணை நிற்கும்.

இந்த மண் அறிவுக்கு வறண்ட மண்ணன்று. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807 இல் பிறந்தது இதே கற்பிட்டியிலேதான். அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்றும் இங்கே பிறக்கிறார்கள். அவர்கள் யார் என்பது பத்து வயதிலே, ஒரு காலைப் பொழுதிலே தெரிந்துவிடும் என்று நம்புவதுதான் அறியாமை.

அன்பர்களே! ஈட்டு உறுதி எழுத வந்த அந்தத் தந்தை இன்று இந்தக் கூட்டத்திலே இருக்கிறார். அவரது அனுமதியோடுதான் இந்தக் கதையைச் சொன்னேன். கடன் தீர்ந்துவிட்டது. தோட்டம் மீண்டுவிட்டது. மகள் இதே ஊர்ப் பள்ளிக்கூடத்திலே படிக்கிறாள். நான் எழுதிய உறுதியைக் கடன் தீர்ந்ததும் சட்டப்படி நீக்கினோம். 'பெயிலான பிள்ளை' என்று இந்த ஊர் அவள்மீது எழுதிய உறுதி இன்னும் நீக்கப்படவில்லை. அதை நீக்கக் காணிக் கந்தோரும் வேண்டியதில்லை, நீதிமன்றமும் வேண்டியதில்லை. எழுதியவர்கள் நாம்; நீக்கவேண்டியவர்களும் நாமே.

தகவல் கேட்கும் விண்ணப்பம் வாசலருகே மேசையிலே இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டுப் போங்கள்.